சங்கு ஊதுகிறவரின் பூனை

திண்டுக்கல்லில் மானம் கெட்ட மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பூனைக்காக மானத்தை மொத்தமாக விட்டுவிட்டு, விட்ட கவலையே இல்லாமல் தெருவில் நிமிர்ந்து நடந்தவர் சங்கு அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் வேலை பார்த்த நூல் மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதுகிற ஆள், அதனால் சங்கு. நான் ரீலிங்கில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற வேலை. என் வீட்டுக்காரர் பஞ்சு உதறுகிற புளோ ரூம். திருச்சி ரோட்டோரம் மில்லுக்குச் சொந்தமான லைன் வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் சங்கு அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது.

சங்கு ஊதுவது என்றால் கன்னம் புடைக்க ஊதுவது இல்லை. மின்சார சைரன். சுவரில் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் அலறும், கீழே இழுத்தால் அடங்கும். அதற்கு அவர் போகிற ஜோரைப் பார்த்தால் சூரியனைத் தூக்கி வைக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். தேய்த்த காக்கிச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மில் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்த வாட்ச். சைரனுக்குக் கீழேயே ஒரு புறாக்கூண்டு ரூம், அதுதான் அவர் ஆபீஸ். அவர் சுவிட்சைத் தள்ளினால்தான் வெங்காய மண்டியில் மூட்டை பிரிப்பார்கள், தோட்டத்தில் மோட்டார் போடுவார்கள், எங்கள் லைனில் உலை வைப்போம். கரண்ட் போன நாளில் அவர் முகம் எழவு வீட்டு முகமாக இருக்கும்.

பேச்சும் சைரன்தான். கையெட்டும் தூரத்தில் நிற்கிறவரிடமும் பத்து மைல் தள்ளி வடமதுரைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். முகத்துக்கு நேரே கேட்டால் பதில் வரும். முதுகுக்குப் பின்னால் என்ன திட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். சரியான திமிர் பிடித்த மனுஷன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு பூனை வந்து சேர்ந்தது. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே எறிந்துவிட்டு வருவது நம் ஜனங்களுக்குப் பெரிய வீரம். அப்படி யாரோ எறிந்த சாக்கு மில் காம்பவுண்டு ஓரம் கிடந்து துள்ளியது. சங்கு அண்ணன் அவிழ்த்தார். சாம்பல் நிறத்தில் எலும்பும் கண்ணுமாக ஒரு கடுவன் பூனை. வீட்டுக்குத் தூக்கி வந்தார். அது நேரே கட்டிலுக்கு அடியில் போனதுதான், வெளியே வரவே இல்லை.

கடுகு வெடித்தால் கட்டிலுக்கு அடியில். குடம் உரசினால் கட்டிலுக்கு அடியில். சைரன் ஊதினால் கட்டிலுக்கு அடியில் இருந்தபடியே சுவரைத் தோண்டும். கொடுமை என்னவென்றால், அது உலகத்திலேயே அதிகமாகப் பயந்த சத்தத்தை, அதை உயிராக வளர்த்தவரே தினமும் போய் எழுப்பிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து தட்டிக் கொடுக்க அவரால் முடியாது. அவர் வீட்டில் இருந்தால் சைரன் ஊதாது. சைரன் ஊதாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பூனைக்கு நெத்திலி இல்லை.

பெயர் வைத்ததில் அடுத்த வம்பு. மேனேஜர் என்று வைத்தார். லைனை மேய்க்க மில் ஒரு மேஸ்திரியைப் போட்டிருந்தது. அவர் வந்து சத்தம் போட்டார், வேறு பேரே கிடைக்கவில்லையா என்று.

“ரூமை விட்டு வெளிய வாரதில்ல. நாலு பேர் சத்தம் போட்டா ஒளிஞ்சுக்குது. வேளாவேளைக்குத் திங்குது. நீயே ஒரு பேரு சொல்லு மேஸ்திரி, வச்சிருவோம்” என்றார் சங்கு அண்ணன்.

அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

ஆனால் மேஸ்திரி கையில் இன்னொரு பிடி இருந்தது. கதவைத் தாண்டாத பூனை வெளிக்கு இருப்பதையும் உள்ளேயே முடித்தது. அடுப்புச் சாம்பலைத் தட்டில் கொட்டி வைத்தும் நாற்றம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் சோற்றில் கை வைக்கும்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து, “மேனேஜர் இருந்துட்டாரு” என்று அறிவிப்பும் வரும். போய்ப் புகார் சொன்னது நான்தான். சொன்னதில் தப்பே இல்லை. அந்த நாற்றத்தோடு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

மேஸ்திரி அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிட்டார். ஆடி மாசம் முடிவதற்குள் பூனை வெளியே போய் மண்ணில் இருந்து பழக வேண்டும். இல்லையென்றால் அவரே சாக்கு எடுத்துக்கொண்டு வருவார்.

சாக்கு என்றதும் சங்கு அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டதைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நாற்றம் போக வேண்டும் என்றுதான் சொன்னேனே தவிர, சாக்கு கொண்டுவா என்று நான் சொல்லவில்லை.

முதல் முயற்சியில் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜம்மென்று வெளியே வந்தார். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மேனேஜர் அவர் தோளைக் கிழித்துக்கொண்டு வேப்பமரத்து உச்சிக்குப் போய்விட்டது. ஏணி போட்டு ஏறியது என் வீட்டுக்காரர். அதற்குப் பரிசாகக் கன்னத்தில் கீறல் வாங்கியதும் அவர்தான். அன்றோடு அவருக்கும் பூனைக்கும் ஜென்மப் பகை.

அப்புறம் ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி கழுத்தில் கயிறு போட்டுப் பார்த்தார். பூனை ஆடு இல்லை. கயிறு இறுகியதும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. இவர் இழுக்க, அது ஈரச் சாக்கு மாதிரி வழுக்கிக்கொண்டு வர, லைனே கூடி நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் இழுப்பதை நிறுத்திவிட்டு அது பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். “கழுத்துல வேண்டாம்டா அப்பு. மாமன் வேற வழி பாக்குறேன்.”

அந்த வேறு வழிக்கு நாடா வேண்டியிருந்தது. மில்லில் நூல் முறுக்குகிற ஸ்பிண்டிலை ஓட்டுகிற பருத்தி நாடா அகலமாக, வழவழப்பாக, உறுத்தாமல் இருக்கும். தேய்ந்ததைக் குப்பையில் போடுவார்கள். ஆனால் அந்த மில் தன் குப்பையைக்கூட வெளியே விடாது. கேட்டில் சோதனை. சங்கு அண்ணன் கேட்டார் என்று ஒரு துண்டைச் சடையில் ரிப்பனாகக் கட்டி, மேலே கனகாம்பரம் வைத்து, சோதனை போடுகிறவன் மூஞ்சிக்கு முன்னாலேயே நடந்து வந்தேன். அவன் என்னைப் பார்த்து ஒருமாதிரி சிரித்தான். அவனுக்கு இன்னொரு நாள் வகையாகத் திட்டிக் கொடுத்தேன், அது வேறு கதை.

அந்த நாடாவில் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று, கழுத்தடியில் தளர்வாக ஒரு சுற்று, முதுகில் முடிச்சு என்று கச்சை செய்தார். செய்தவர் உடனே மாட்டவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தார். பூனை மோந்து பார்த்தது, பிறகு அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. அப்புறம் முதுகில் போட்டுவிட்டு ஒரு நெத்திலி. எடுத்துவிட்டு ஒரு நெத்திலி. முடிச்சுப் போட்டு ஒரு நெத்திலி. வீட்டுக்குள்ளேயே கச்சையோடு நடந்து பழகியது. நாங்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கே தவித்த காலம் அது. இவர் வீட்டில் பூனை கச்சை கட்டிக்கொண்டு கருவாடு தின்றது.

பிறகு கதவைத் திறந்து வைத்து வாசலில் உட்கார்ந்தார். வெளியே கூப்பிடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு வயர் கூடை, அதற்குள் அவருடைய பழைய பனியன். பயம் வந்தால் பூனை மரம் தேடி ஓடாமல் கூடைக்குள் பாய வேண்டும் என்பது ஏற்பாடு. பூனை முதலில் மூக்கை வெளியே நீட்டியது. இன்னொரு நாள் ஒரு காலை வைத்தது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் உத்தரவு, அதைக் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது என்று.

குழாயடிக்கும் உத்தரவு வந்தது. குடத்தைப் பையத் தூக்கணுமாம், பையப் பேசணுமாம். நான் குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு நேரே போய் நின்றேன்.

“ஊரையே அலற வைக்கிற ஆளு நீரு. எங்க குடம் சத்தம் போடக் கூடாதாக்கும்?”

“சைரனுக்குச் சம்பளம் குடுக்குறான் தாயி. உன் குடத்துக்கு யாரு குடுக்குறா?”

குழாயடி சிரித்தது. எனக்கு எரிந்தது. ஆனால் மறுநாள் எல்லாரும் குடத்தைப் பையத்தான் தூக்கினோம். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சைரன் மட்டும்தான் ஒத்து வரவில்லை. வாசலில் நாலு நாள் சேர்த்த தைரியத்தை ஒரே ஊதலில் அது கரைத்துவிடும். தலையணையைப் பிரித்துப் பூனைக் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். அது தலையை உதறி வீடெல்லாம் பஞ்சாக்கியது. கடைசியில் என்னிடம் வந்தார்.

“தாயி, உனக்கு ஷிப்டு இல்லாத நேரத்துல ஒரு ஒத்தாசை. சைரன் ஊதயில கட்டிலுக்கு அடியில கைய விட்டு அது முதுகுல வச்சுக்க. தடவ வேண்டாம். சும்மா வச்சிருந்தாப் போதும்.”

எனக்கு வேறு சோலி இல்லையா என்று கேட்டேன்.

“இருக்கு. இருந்தாலும் இந்த லைன்லயே நீதான் கோவக்காரி. உன் கை நடுங்காது.”

என்னைப் பற்றி அந்த லைனில் யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். திட்டிக்கொண்டே போனேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டால், அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு மோட்டார் ஓடுகிற மாதிரி அடித்துக்கொள்ளும். சைரன் அடங்கியதும் மெல்ல மெல்ல அதுவும் அடங்கும்.

எனக்கு ஷிப்டு இருக்கிற நேரத்துக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அதில்தான் திண்டுக்கல்லே கெட்டது. சுவிட்சை ஒரேயடியாகத் தள்ளாமல், தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, சைரனைப் பைய எழுப்பினார். அது ஊதவில்லை. பிரசவத்துக்குப் படுத்த எருமை மாதிரி முனகியது. மில்லுக்குப் பக்கத்திலிருந்த எங்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. மண்டிக்காரர்கள் சைரனுக்குச் சளி பிடித்துவிட்டது என்றார்கள். பாதி ஷிப்டு லேட். மில் கேட்டை அடைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அரை நாள் இழந்து வந்து தட்டைத் தூக்கி எறிந்தார், என்னமோ நான்தான் சைரன் மாதிரி.

மில் சங்கு அண்ணனுக்கு மெமோ கொடுத்தது. எனக்கு மெமோ எழுத வராது. அவர் நடந்து போகும்போது லைனின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பின்னாலேயே போய்த் திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் தீர்ந்து, புதிதாகச் சிலது செய்தும் திட்டினேன். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஆனாலும் ஆடி முடிவதற்குள் மேனேஜர் வேப்பமரத்தடி வரை வந்துவிட்டது. பூனை முன்னால் போகும், நாடா தளர்ந்து தொங்கும், இவர் பின்னால் வயர் கூடையோடு போவார். அது நின்றால் நிற்பார். அது உட்கார்ந்தால் உட்கார்வார். காக்கிச் சட்டை போட்ட மனுஷன் பூனை எழுந்திருக்கிற வரைக்கும் நடுத்தெருவில் குத்த வைத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அது மரத்தடி மண்ணைத் தோண்டி, உட்கார்ந்து, முடித்து, மூடியது. “மேனேஜர் வெளிய இருந்துட்டாரு” என்று அவர் போட்ட சத்தத்துக்குச் சைரனே தேவையில்லை. மேஸ்திரி சாக்கைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மிஞ்சியது என் வீட்டுக்காரர்தான். வேலைக்குக் கிளம்பும்போது பூனை எதிர்ப்பட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்துதான் போவார். பூனை உலாத்துகிற லைனில் அவர் குடித்த தண்ணீருக்கு ஒரு கிணறு வேண்டும். ஒருநாள் வழியை மறித்துக்கொண்டார்.

“யோவ், மனுஷன் வேலைக்குப் போற வழியில பூனையக் கொண்டாந்து விடுறியே, உருப்படுவமா?”

“குறுக்க போனாத்தானப்பா சகுனம். இது நெடுக்க போகுது.”

“பூனைக்கு என்னய்யா தெரியும் குறுக்கும் நெடுக்கும்?”

“அதுக்குத் தெரியாது. நாடா எங் கையில இருக்குல்ல, எனக்குத் தெரியும்.”

சொன்ன மாதிரியே சுவரோரமாக, கோடு போட்ட மாதிரி கூட்டிப் போவார். ஒரு நாள்கூட அது யாருக்கும் குறுக்கே போனதில்லை.

மில்லுக்குக் குறுக்கே எது போனதோ தெரியவில்லை. ஒரு காலையில் சைரன் ஊதவில்லை. கரண்ட் இருந்தது. சங்கு அண்ணன் தேய்த்த சட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றார். கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே நோட்டீஸ். இந்த ஊரில் பூட்டுக்கா பஞ்சம். நிஜ மேனேஜர் முந்தின நாளே காரில் குடும்பத்தோடு போய்விட்டாராம். எத்தனையோ வருஷம் நூல் ஒட்டியவர்களுக்கும், பஞ்சு தின்று இருமியவர்களுக்கும் நேரில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. எழுதும்போது இப்போதும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

லைன் முழுக்க ஒரு அமைதி. அப்படி ஒரு அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. சைரன் இல்லை, மிஷின் இரைச்சல் இல்லை, பல வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள் மேனேஜர் தானாக வெளியே வந்தது. வாலை நட்டுக்கொண்டு லைனின் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை நடந்தது. மில் மூடியது ஊரிலேயே ஒரு ஜீவனுக்குத்தான் நல்லதாகப் போயிற்று.

கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். சங்கு அண்ணன் பூனையோடு வருவார். “வழி விடுங்கப்பா, பேச்சுவார்த்தைக்கு மேனேஜர் வாராரு” என்பார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த மேனேஜர் அது ஒன்றுதான். நெத்திலி நின்றுபோயிருந்தது. ஆனாலும் அது நடந்து வந்தது. எல்லார் காலுக்கும் குறுக்கே போனது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. போகிற இடமே இல்லாதவனுக்கு எந்தப் பூனை குறுக்கே போனால் என்ன?

அப்புறம் லைனைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அதைச் சொல்ல சங்கு அண்ணன் பின்னாலேயே போனேன். அவர் பூனையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அண்ணே என்றேன். திரும்பவில்லை. கத்தினேன். பூனையின் காது ஒன்று என் பக்கம் மடங்கியது. அவர் அந்தக் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

எனக்குச் சுருக்கென்றது. கிட்டப் போய், முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். “அண்ணே, உமக்குக் காது கேக்காதா?”

“பைய பைய அடைச்சுக்கிருச்சு தாயி. சைரனுக்குக் கீழேயே உக்காந்திருந்தா? வாயைப் பாத்துச் சமாளிச்சுக்குவேன். வெளிய வந்தா இவன் காதைப் பாத்துக்குவேன். எந்தப் பக்கம் மடங்குதோ அந்தப் பக்கம் வண்டி.”

எல்லாம் விளங்கியது. குழாயடிச் சத்தம் அவருக்குக் கேட்டதே இல்லை. பூனை நடுங்கியதைப் பார்த்துத்தான் எங்களை அடக்கினார். சைரன் ஏன் எருமையாக முனகியது என்பதும் விளங்கியது. சுவரில் கை வைத்து அதிர்வைப் பார்த்து ஊதியிருக்கிறார். லைன் நெடுக நான் திட்டிய அத்தனை வார்த்தையும் வீண்.

“காதுல பஞ்சு வச்சுக்கிட்டிருக்கலாம்லண்ணே.”

“ஸ்டோர்ல கேட்டேன். பஞ்சை வெளிய குடுக்கக் கூடாதுன்னுட்டான்.”

பஞ்சு மில். மூட்டை மூட்டையாகப் பஞ்சு இறங்குகிற மில். காதுக்கு இரண்டு உருண்டை இல்லை.

“தலையணையப் பிரிச்சீரே, பூனைக்கு. அதுல கொஞ்சம் உமக்கு வச்சிருக்கலாம்ல?”

“எனக்குத் தோணலியே” என்றார்.

வடமதுரையில் அவருக்கு ஒரு தங்கச்சி. அங்கே போவதாக ஏற்பாடு. பஸ்ஸில் கண்டக்டர் பூனையை ஏற்ற மாட்டேன் என்றார். சாக்கில் கட்டிக் கொடுத்தால் மேலே டாப்பில் போடலாமாம். சங்கு அண்ணன் டிரங்குப் பெட்டியை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, நடந்தே போகிறேன் என்றார். திருச்சி ரோட்டில், லாரிகளுக்கு நடுவில், காது கேட்காத மனுஷனும் சத்தம் கேட்டால் சாகிற பூனையும். பைத்தியமா நீரு என்று கேட்டேன், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

“அதுக்குப் பயம். அதனாலதான் எனக்குப் பயமில்ல” என்றார்.

அன்று காலை என் வீட்டுக்காரரும் வெங்காய மண்டியில் வேலை கேட்கக் கிளம்பி வாசலில் நின்றார். மேனேஜர் சுவரோரமாக வந்தது, நின்றது, மோந்து பார்த்தது, அவர் காலுக்கு முன்னால் நிதானமாகக் குறுக்கே போனது. சங்கு அண்ணன் நாடாவை இழுக்கப் பார்த்து, பதறிப் போய் நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் பூனையைப் பார்த்தார். கன்னத்துக் கீறலைத் தடவினார். “போயிட்டு வாங்க மேனேஜர்” என்று சொல்லிவிட்டு நேரே நடந்தார். அன்று அவருக்கு மண்டியில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பூனையைத் திட்டவில்லை.

சங்கு அண்ணன் ரோட்டோர மண்ணில் இறங்கினார். தூரத்தில் ஒரு லாரி. பூனையின் காது மடங்கியது. அவர் கூடையை இறக்கினார், அது உள்ளே பாய்ந்தது, அவர் புளியமரத்தோரம் ஒதுங்கி நின்றார். லாரி போனது. பூனை இறங்கியது. இருவரும் நடந்தார்கள். கண்ணுக்கு மறைகிற வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வடமதுரைச் சந்தையில் பூனை பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு கிறுக்கனைப் பார்த்ததாக யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை நான் சும்மா விடவில்லை.

நான் பூனை வளர்த்ததில்லை, எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் இப்போதும் எங்கேயாவது சைரன் ஊதினால், என் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போகிறது.